பிலவங்க ஆண்டுப் பலகை: ஓர் ஆண்டின் அறிவியலை எழுதி மாட்டும் முறை

டர்பன் நகரத்தின் சாட்ஸ்வர்த்தில், கோவில் மண்டபத்துப் பக்க அறையில் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். ஓய்வு பெறும் வரை உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். சித்திரைப் புத்தாண்டு அன்று மண்டப வாசலில் ஒரு பலகையை மாட்டுகிறோம். ஏதாவது ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு, அந்த ஆண்டில் அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் நடந்த பெரிய காரியங்களைப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே தமிழில் எழுதுகிறார்கள். டொங்காட்டிலிருந்தும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்தும் வந்து பார்த்த ஆசிரியர்கள் செய்முறை கேட்டார்கள். அவர்களுக்காகவும், வேறு ஊர்களில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

முதலில் ஆண்டைத் தேர்ந்தெடுங்கள். நடப்பு ஆண்டு வேண்டாம். எது நிலைத்தது, எது வெறும் பரபரப்பு என்று தெரிவதற்குச் சில பத்தாண்டுகள் ஆக வேண்டும். வகுப்பில் இருக்கும் பிள்ளையின் தாத்தாவோ ஆயாவோ சிறு வயதில் கண்ட ஆண்டாக இருந்தால் மிக நல்லது. கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டிலேயே ஆள் இருப்பார். நாங்கள் 1967ஐ எடுத்தோம். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அங்கே ஒரு சிறுமி என்னை மடக்கினாள். "பலகை சித்திரையில் ஏறுகிறது, ஆண்டு மட்டும் ஏன் ஜனவரியில் தொடங்க வேண்டும்?" என்று கேட்டாள். பஞ்சாங்கத்தைப் புரட்டினோம். 1967 ஏப்ரல் நடுவிலிருந்து 1968 ஏப்ரல் நடு வரை பிலவங்க ஆண்டு. அந்த எல்லையையே வைத்துக்கொண்டோம். அதனால் ஒரு இழப்பும் உண்டு: 1967 ஜனவரி 27 அன்று அப்போலோ 1 விண்கலத்தில் தீப்பிடித்து மூன்று வீரர்கள் இறந்ததும், அதே நாளில் விண்வெளி ஒப்பந்தம் கையெழுத்தானதும் அதற்கு முந்தின பராபவ ஆண்டின் தை மாதத்துக்குப் போய்விட்டன. இரண்டையும் பலகையின் மேல் விளிம்பில் சிறிய எழுத்தில் எழுதி வைத்தோம். எல்லை எதுவானாலும் ஒன்றை முடிவு செய்து அதிலேயே நில்லுங்கள். பிடித்த நிகழ்வு வெளியே போகிறதே என்று எல்லையை நகர்த்தத் தொடங்கினால் வேலை முடியாது.

பலகைக்கு எட்டுக்கு நான்கு அடி ஒட்டுப்பலகையும் வெள்ளைச் சாயமும் போதும். அட்டைகள் பத்துக்கு மேல் வேண்டாம். எங்கள் பிள்ளைகள் வீட்டில் பேசுவது ஆங்கிலம். ஒரு தமிழ் வரியை அழகாக எழுதி முடிக்க அவர்களுக்குக் கால் மணி நேரம் ஆகிறது. ஆகவே ஓர் அட்டைக்கு ஐந்தே வரி: நாள், இடம், நடந்தது என்ன என்று ஒரே வாக்கியம், மனத்தில் நிற்கிற ஓர் எண், கடைசியாக 'விடுபட்டவர்'. பட்டியல்களில் வழக்கமாக விட்டுப்போகும் ஒருவரின் பெயரை அந்த ஐந்தாவது வரியில் எழுத வேண்டும். என் கணக்கில் பலகையின் உயிர் அந்த வரிதான். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் அம்மா.

1967 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. அன்று விடியற்காலையில் கேப் டவுனில், குரூட் ஸ்கூர் மருத்துவமனையில், மருத்துவர் கிறிஸ்டியான் பர்னார்டின் குழு ஒரு மனிதரின் இதயத்தை இன்னொரு மனிதருக்குப் பொருத்தியது. நம் நாட்டில் தொலைக்காட்சி வருவதற்கு 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எங்களுக்கு எல்லாச் செய்தியும் வானொலியும் நாளிதழும்தான். அப்பா திங்கட்கிழமை மாலை தையல் ஆலையிலிருந்து வந்ததும் நாளிதழைச் சமையலறை மேசைமேல் விரித்துவைத்து உரக்கப் படித்தார். படிக்கும்போது அவரது இடது கை சட்டைப் பைமேல் போய் அமர்ந்ததை இன்றும் பார்க்கிறேன். இதயம் பெற்றவர் லூயிஸ் வாஷ்கான்ஸ்கி, மளிகைக் கடைக்காரர். அப்பா அவரைப் பற்றியும் பர்னார்டைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தார். அம்மா சப்பாத்தி திரட்டுவதை நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "இதயத்தைக் கொடுத்த பெண்ணுக்கு அம்மா இருக்கிறாரா?"

இல்லை. டெனிஸ் டார்வால் என்ற அந்த இளம்பெண், முந்தின நாள் தன் தாயோடு கேக் வாங்கிவிட்டுச் சாலையைக் கடந்தபோது இருவர்மேலும் கார் மோதியது. தாய் அங்கேயே இறந்துபோனார். மருத்துவர்கள் தந்தை எட்வர்டிடம் வந்து கேட்டபோது, மனைவியையும் மகளையும் ஒரே மாலையில் இழந்துகொண்டிருந்த அவர் சில நிமிடங்கள் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். அவளுடைய சிறுநீரகம் ஒன்று பத்து வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் போனது. அவன் வெள்ளையன் இல்லை. அன்றைய தென்னாப்பிரிக்காவில் அதுவே சர்ச்சையானது.

எங்கள் அட்டையில் எண் 18. வாஷ்கான்ஸ்கி அறுவைக்குப் பின் 18 நாள் உயிரோடு இருந்தார். புதிய இதயம் கடைசிவரை வேலை செய்தது, உடல் அதை வெளியே தள்ளிவிடாமல் இருக்கக் கொடுத்த மருந்துகள் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்தன, நிமோனியா வந்தது. ஐந்தாவது வரியில் டெனிஸ் டார்வாலின் பெயர்.

'முதல்' என்ற சொல்லை எழுதும்போது பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். பிறகு சரிபார்த்து மையால் எழுதலாம். 'முதல் இதய மாற்று' என்று ஒரு பையன் எழுதினான். 1964இலேயே அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஜேம்ஸ் ஹார்டி ஒரு சிம்பன்சியின் இதயத்தை மனிதருக்குப் பொருத்தியிருக்கிறார். நோயாளி சிறிது நேரமே பிழைத்தார். ஆகவே 'மனித இதயத்தை மனிதருக்குப் பொருத்திய முதல் சிகிச்சை' என்று அழித்து எழுதினோம். இந்தச் சிகிச்சைக்கான அடிப்படை முறைகளை ஸ்டான்ஃபோர்டில் நார்மன் ஷம்வே ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கியிருந்தார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

ஐந்தாவது வரியில் நான் பெரிய தவறு ஒன்றைச் செய்தேன். அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். முன்பு ஒரு முறை இதே நிகழ்வுக்குச் சுவரொட்டி செய்தபோது, 'விடுபட்டவர்: ஹாமில்டன் நாக்கி, டெனிஸின் இதயத்தை எடுத்துக் கொடுத்த கறுப்பின அறுவை நிபுணர்' என்று எழுதிவிட்டேன். அன்று எங்கும் உலவிய கதை அது. 2005இல் அவர் மறைந்தபோது உலகின் பெரிய ஏடுகள் சிலவும் அப்படியே எழுதி, பின்னர் திருத்தம் வெளியிட்டன. தாதியாக இருந்து ஓய்வு பெற்ற அக்கா ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அவர் அந்த அறுவையில் இல்லை, அம்மா. ஆனால் அவர் செய்ததைத் தேடிப் பார், அதுவே போதும்" என்றார்.

தேடினேன். நாக்கி கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் தோட்டக்காரராகச் சேர்ந்தவர். 1954இல் ஆய்வுக்கூடத்தில் ஓர் ஒட்டகச்சிவிங்கியைப் பிடித்துக்கொள்ள உதவிக்குக் கூப்பிட்டார்கள். அங்கேயே ஆய்வுக்கூட உதவியாளராகி, விலங்குகளில் உறுப்பு மாற்று அறுவை செய்யக் கற்று, இளம் மருத்துவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். 2002இல் நாடு அவருக்கு மாப்புங்குப்வே விருது வழங்கியது. 2003இல் பல்கலைக்கழகம் மதிப்புறு பட்டம் கொடுத்தது. நிறவெறி ஆட்சி அவருக்குப் படிப்பை மறுத்தது என்ற கோபத்தில், அவர் செய்யாத ஒன்றை அவர்மேல் ஏற்றிவிட்டேன். அதனால் அவர் உண்மையில் செய்தது மறைந்துபோனது. இப்போது அவருக்குத் தனி அட்டை இருக்கிறது, ஒட்டகச்சிவிங்கிப் படத்தோடு. விடுபட்டவர் வரிக்கு மற்ற நான்கு வரிகளைவிட ஒரு சான்று கூடுதலாகக் கேளுங்கள்.

நாளைச் சரிபார்க்கும்போது, நடந்த நாள், வெளியான நாள் இரண்டையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். சீரான இடைவெளியில் வானொலித் துடிப்புகளை அனுப்பும் துடிவிண்மீனின் (பல்சர்) கதை இதற்கு நல்ல பாடம். கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் என்ற ஆய்வு மாணவி, தானும் சேர்ந்து கட்டிய வானொலித் தொலைநோக்கியின் பதிவுகளைப் படித்துவந்தார். கருவி நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 அடி காகிதத்தில் கோடு போட்டுத் தள்ளும். அதில் விரற்கடை அகலத்தில் எதிலும் சேராத ஒரு கிறுக்கலைக் கண்டுபிடித்தார். 1967 நவம்பர் 28 அன்று காகிதத்தை வேகமாக ஓடவிட்டுப் பார்த்தபோது அது சீரான துடிப்பு என்று தெரிந்தது. கட்டுரை வெளிவந்தது 1968 பிப்ரவரி 24. ஆங்கில ஆண்டுக் கணக்கில் எந்த ஆண்டில் சேர்ப்பது என்று தடுமாறுவார்கள். கார்த்திகையும் மாசியும் ஒரே பிலவங்க ஆண்டுக்குள் இருப்பதால் எங்களுக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை. கேள்வி கேட்ட சிறுமிக்கு அன்று அவ்வளவு பெருமை.

இதை வெறும் சொல்லாக விடாதீர்கள். கடை வைத்திருக்கும் மாமா ஒருவரிடம் ரசீதுக் காகிதச் சுருள் ஒன்று வாங்கி, மண்டபத் தாழ்வாரத்தில் 30 மீட்டர் அளந்து, மடித்து மடித்து விரித்தோம். ஒருவனை மட்டும் முன்னதாக அனுப்பி நீளம் முழுக்கப் பென்சிலால் அலைக்கோடு போடச் சொன்னேன். எங்கோ ஓரிடத்தில் விரல் அகலத்துக்கு வேறு மாதிரி நடுங்க வேண்டும். மற்றவர்கள் இரு முனையிலிருந்தும் முழங்காலிட்டுத் தேடினார்கள். இருபது நிமிடம். கண்டுபிடித்த பெண், "இங்கே கொஞ்சம் அழுக்காக இருக்கிறது" என்றுதான் சொன்னாள். அவளுக்கு அது விடை என்றே தெரியவில்லை. பெல் நாள்தோறும் இந்த நீளத்தைப் பார்த்தார் என்றபோது யாரும் பேசவில்லை.

இந்த அட்டையின் எண் 1.337 நொடி, ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி. அதைப் பலகையிலேயே ஆடவிடலாம். ஓர் இரும்பு நட்டை நூலில் கட்டி, ஆணியிலிருந்து நட்டின் நடுப்பகுதி வரை 44 செ.மீ. இருக்கும்படி தொங்கவிடுங்கள். ஒருமுறை போய்த் திரும்ப ஏறக்குறைய அதே நேரம் ஆகும். நிமிடத்துக்கு 45 ஆட்டம் வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள். குறைந்தால் நூலைச் சுருக்குங்கள். வாசலில் வரும் பெரியவர்கள் எல்லாரும் நின்று ஆட்டிப் பார்க்கும் அட்டை இதுதான். ஐந்தாவது வரியில் ஜோசலின் பெல். 1974இல் இதற்கான நோபல் பரிசு அவருடைய வழிகாட்டி ஆன்டனி ஹூவிஷுக்குப் போனது, மார்ட்டின் ரைலோடு பகிர்ந்து. 2018இல் வேறொரு பரிசாகக் கிடைத்த 30 லட்சம் டாலரை பெல் முழுவதும் மாணவர் உதவித்தொகைக்குக் கொடுத்துவிட்டார்.

அதே பிலவங்க ஆண்டில்தான் நொடி என்பதற்கே புது வரையறை கிடைத்தது. சீசியம் அணுவின் கதிர்வீச்சு 9,192,631,770 முறை அதிர்ந்தால் ஒரு நொடி. இந்த அட்டையை நட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள்.

உங்கள் தெருவைத் தொட்டது எது என்றும் பாருங்கள். இதய மாற்றை எல்லாப் பட்டியலும் சொல்லும். ஆனால் 1967 மே மாதம் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் அர்ஜென்டினா மருத்துவர் ரெனே ஃபாவலோரோ, காலிலிருந்து எடுத்த நாளத்தைக் கொண்டு இதயத்தின் அடைப்பைச் சுற்றி வழி போட்டுக் காட்டினார். பைபாஸ். எங்கள் தெருவில் அந்தத் தழும்பு இல்லாத வீடு குறைவு. என் அண்ணனுக்கும் இருக்கிறது. இந்த அட்டையை இதய மாற்றைவிட உயரத்தில் மாட்டச் சொன்னேன்.

மற்றவை சுருக்கமாகப் போகலாம். ஜூன் 27 அன்று லண்டன் என்ஃபீல்டில் ஒரு வங்கிச் சுவரில் பணம் தரும் இயந்திரம்; எண் 10 பவுண்டு. அதை உருவாக்கிய ஜான் ஷெப்பர்ட்-பேரன் ஷில்லாங்கில் பிறந்தவர். அக்டோபர் 18 அன்று சோவியத் விண்கலம் வெனேரா 4 வெள்ளிக் கோளின் காற்றுமண்டலத்திலிருந்து அளவுகளை அனுப்பியது. தோல்விகளுக்கும் இடம் கொடுங்கள்: ஏப்ரல் 24 அன்று சோவியத் விண்கலம் சோயுஸ் 1 தரையிறங்கும்போது பாராசூட் சரியாக விரியாமல் அதிலிருந்த வீரர் விளாதிமிர் கொமரோவ் இறந்தார்.

திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பா அட்டையில் மட்டும் கவனம் தேவை. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து கிளம்பிய முதல் ராக்கெட் அமெரிக்காவிலிருந்து வந்தது. இந்தியாவில் உருவான ரோகிணி 75 பறந்தது 1967 நவம்பர் 20. ஒரு நாள் வித்தியாசத்தில் இரண்டும் கலந்துபோகும். இரண்டு பிள்ளைகள் கலக்கினார்கள். 75 என்பது அதன் குறுக்களவு மி.மீ. கணக்கில். அந்த அளவில் ஒரு குழாய்த் துண்டை ஆணியில் செருகி வைத்தோம், கைவிட்டுப் பார்க்கட்டும் என்று.

அட்டைகளை மாத வரிசையில் அடித்தால் ரோகிணி, துடிவிண்மீன், இதயம் மூன்றும் கார்த்திகையில் நெருக்கிக்கொள்ளும். இடத்தை முன்கூட்டியே அளந்து விடுங்கள். நாங்கள் அளக்காமல் அடித்து, ஆணிகளைப் பிடுங்கி மறுபடி அடித்தோம்.

கீழே இரண்டு ஆணிகளைக் காலியாக விடுங்கள், பக்கத்தில் வெற்று அட்டையும் பேனாவும் கட்டி வைத்து. புத்தாண்டு பூசைக்கு வந்த தாத்தா ஒருவர் நடுங்கும் எழுத்தில், 'நான் அப்போது கப்பல் துறையில் வேலை. வாஷ்கான்ஸ்கிக்காக நாங்கள் எல்லாரும் வேண்டிக்கொண்டோம். டெனிஸ் பெயர் இன்றுதான் தெரியும்' என்று எழுதி மாட்டிவிட்டுப் போனார்.