எம்ஆர்சிபிக்குப் படிக்கும்போது துணையின் மனமும் கோணாமல் இருக்க

மருத்துவர்கள் மேற்படிப்புக்காக எழுதும் பிரிட்டிஷ் தேர்வு எம்ஆர்சிபி. அதன் முதல் பகுதிக்கு நான் படித்தது கல்யாணமான முதல் ஆண்டில். ஓர் இரவு "இதோ, பத்தே நிமிடம்" என்று கணவரிடம் சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்தினேன். வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. என் தட்டின்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து வைத்திருந்தார். ஆவி நீராய்ச் சொட்டித் தோசை நமுத்துப் போயிருந்தது. அவர் சாப்பிடாமலேயே தூங்கியிருந்தார். நான் படித்ததில் அவருக்கு வருத்தமில்லை. பத்து நிமிடம் என்று சொன்னதில்தான் வருத்தம்.

முதல் படி: தேர்வு எப்படிப்பட்டது என்பதைத் துணைக்குக் காட்டுங்கள். ஒரே நாளில் இரண்டு தாள். ஒவ்வொன்றும் 3 மணி நேரம், 100 கேள்விகள். கணக்குப் போட்டால் கேள்விக்கு 108 விநாடி. மாதிரிக் கேள்வி ஒன்றைக் கையில் கொடுத்து, கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். என் கணவர் பாதி வாசிப்பதற்குள் நேரம் முடிந்தது. அன்று முதல் நான் கேட்காமலேயே தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தார்.

இரண்டாம் படி: பணி அட்டவணை வந்த அன்றே இரவுப் பணி நாட்களைக் காலண்டரில் குறியுங்கள். இரவுப் பணி முடிந்து வந்த காலையில் படிப்பும் வேண்டாம், மனத்தாங்கலைப் பேசவும் வேண்டாம். தூங்குங்கள்.

மூன்றாம் படிதான் முக்கியம். இருவருக்குமான நேரம் குறைவாக இருக்கலாம், ஆனால் அதில் கை வைக்காதீர்கள். சிங்கப்பூரில் இருக்கும் எங்களுக்கு அது ஞாயிறு காலை, தேக்கா சந்தை. மீனும் கீரையும் வாங்கிக்கொண்டு அங்கேயே உணவங்காடியில் தேநீர். கைப்பேசிகள் இரண்டும் காய்கறிப் பைக்குள். மொத்தமே இரண்டு மணி நேரம். ஞாயிறன்று பணி விழுந்தால் மாற்று நாளை அப்போதே குறித்துவிடுவோம். "பிறகு பார்க்கலாம்" என்ற பேச்சே கிடையாது.

நான்காம் படி: துணையைக் கேள்வி கேட்கச் சொல்லிப் படிக்காதீர்கள். தவறாகச் சொன்ன எரிச்சல் அவர்மேல்தான் பாயும். அதற்குச் சக மருத்துவர்கள் இருக்கிறார்கள். தனியாகப் படிக்க விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துக்குப் போகலாம். இரவு 9 மணிக்கு மூடிவிடுவார்கள். வீட்டில் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியே ஆகவேண்டும்.

கடைசியாக, தேர்வுக்கு மறுநாளும் விடுப்புக் கேளுங்கள், அட்டவணை போடும் முன்பே. அந்த நாளை எப்படிக் கழிப்பது என்பதைத் துணையே முடிவு செய்யட்டும்.