நகர மன்றத் தேர்தல்: வேட்பாளர்களை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படும் உறுப்பினருக்கு அங்கே இருப்பது ஒரே ஒரு வாக்கு. "நான் வந்தால் செய்து தருவேன்" என்று வீடு வீடாகச் சொல்லிச் செல்பவர் யாராக இருந்தாலும், மன்றத்தில் பெரும்பான்மையைத் திரட்டினால்தான் அந்தச் சொல்லைக் காப்பாற்ற முடியும். ஆகவே வாக்குறுதிகளின் நீளத்தைக் கொண்டு வேட்பாளர்களை ஒப்பிடுவதில் பயன் அதிகமில்லை. வரவுசெலவுக் கணக்கைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிகிறதா, அதிகாரிகளிடம் உருப்படியான கேள்வி கேட்க முடிகிறதா, ஒத்துவராத சக உறுப்பினர்களையும் ஒரு தீர்மானத்துக்கு இணங்கவைக்க இயலுமா, தேவையானால் தனியாக நின்று எதிர்ப்பைப் பதிவு செய்யும் துணிவு உண்டா என்பவற்றை வைத்தே அவர்களை எடைபோட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதல் வேலையாக, உங்கள் பகுதிக்கு உடனடியாகத் தீர வேண்டிய இரண்டு மூன்று குறைகளை எழுதிக்கொண்டு, அவற்றில் எவை மன்றத்தின் அதிகாரத்துக்குள் வருகின்றன என்று பாருங்கள். இது ஊருக்கு ஊர் மாறும். இந்திய அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபோது, நகர உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பொருள்களைப் பன்னிரண்டாம் அட்டவணை பட்டியலிட்டது. ஆனால் அவற்றில் எவற்றை, எந்த அளவுக்கு ஒப்படைப்பது என்பதை மாநிலச் சட்டங்களே முடிவு செய்கின்றன. ஓரிடத்தில் மன்றமே நடத்தும் குடிநீர் வழங்கலை வேறோர் இடத்தில் தனி வாரியம் நடத்துகிறது. வீட்டு வாசலில் ஓடும் சாலையே கூட நெடுஞ்சாலைத் துறையின் சொத்தாக இருக்கலாம். மன்றத்துக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் செய்து தருவதாகச் சொல்பவருக்குத் தாம் கேட்கும் பதவியைப் பற்றித் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நம்புகிறார். இரண்டுமே அவருக்கு எதிரான சான்றுகள்தாம்.

உங்கள் வாக்கு எப்படி எண்ணப்படும் என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. தமிழ்நாட்டில் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். எனவே வார்டு உறுப்பினருக்கு அளிக்கும் வாக்கு மேயர் யார் என்பதையும் ஓரளவு தீர்மானிக்கிறது. இலங்கையில் 2018 தேர்தலில் நடைமுறைக்கு வந்த கலப்பு முறையில், ஒரே வாக்கு வட்டார வேட்பாளருக்கும் அவருடைய கட்சி அல்லது குழுவின் விகிதாசாரக் கணக்குக்கும் சேர்கிறது. அங்கே விகிதாசார இடங்களுக்கான கூடுதல் பட்டியலில் உள்ள பெயர்களையும் பார்க்காமல் வாக்களிப்பது பாதிக் கடமைதான். ஸ்காட்லாந்தில் 2007 முதல் விருப்ப வரிசைப்படி எண்ணிட்டு வாக்களிக்கிறார்கள் என்பதால், இரண்டாம், மூன்றாம் இடத்துக்குரியவர்களையும் ஆராய வேண்டியிருக்கிறது. கனடாவின் ஒன்றாரியோவில் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரே இராது. வேட்பாளரைப் பற்றித் தனியாகத் தேடி அறிவதைத் தவிர வேறு வழியில்லை.

போட்டியிடுபவர் ஏற்கெனவே உறுப்பினராக இருந்தவர் என்றால், அவரைப் பற்றிய மிகச் சிறந்த சாட்சி மன்றக் கூட்டக் குறிப்புகள். பல மன்றங்கள் இவற்றை இணையதளத்தில் வெளியிடுகின்றன. வெளியிடாத இடங்களில், தகவல் பெறும் உரிமைச் சட்டம் இருந்தால் அதன் வழியாகக் கேட்டுப் பெறலாம். ஐந்தாண்டுக் குறிப்புகள் முழுவதையும் படிக்கத் தேவையில்லை. வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்றிய கூட்டங்களையும், உங்கள் பகுதியைப் பற்றிய தீர்மானம் வந்த கூட்டங்களையும் எடுத்துக்கொண்டால் போதும். முதலில் வருகைப் பதிவைப் பாருங்கள். பிறகு, ஒரு மழைநீர் வடிகால் பணிக்கான ஒப்பந்தப்புள்ளி மன்றத்தின் முன் வந்தபோது அவர் என்ன பேசினார் என்று தேடுங்கள். ஒரே ஒரு ஒப்பந்ததாரர்தான் விண்ணப்பித்தாரா, மதிப்பீட்டைவிடத் தொகை ஏன் கூடியது, வடிகால் எந்த இடத்தில் பெரிய வாய்க்காலோடு சேர்கிறது என்று கேட்டவர் ஒருவகை; "தலைவருக்கு நன்றி" என்று மட்டும் பதிவாகியிருப்பவர் இன்னொரு வகை. கேள்வி கேட்டவர் அந்த வாக்கெடுப்பில் தோற்றிருந்தாலும், அடுத்த முறையும் அவர் அங்கே இருக்க வேண்டும் என்றே நான் சொல்வேன்.

புதிதாக நிற்பவருக்கு இப்படிப்பட்ட பதிவு இராது என்பதால் அவரை ஒதுக்கிவிடுவது அநியாயம். குடியிருப்போர் சங்கம், பள்ளி மேலாண்மைக் குழு, கூட்டுறவு அமைப்பு, தொழிற்சங்கம் போன்ற எங்காவது அவர் பொதுப்பணத்தைக் கையாண்டிருக்கக்கூடும். அங்கே ஆண்டுக் கணக்கை உரிய காலத்தில் முன்வைத்தாரா என்று அவரோடு இருந்தவர்களிடம் விசாரியுங்கள். பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் குடவோலையில் பெயர் எழுதத் தகுதியற்றவர்கள் என்று விலக்குகிறது. நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆண்களுக்கே உரியதாயிருந்த அந்த முறையில் நாம் ஏற்க முடியாதவை பல உண்டு. ஆயினும் கணக்கைப் பற்றிய அந்த ஒரு விதியை வாக்காளர் தம்மளவில் இன்றும் கடைப்பிடிக்கலாம்.

வேட்புமனுவோடு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யும் வழக்கம் இருக்கும் இடங்களில் அதைப் பொறுமையாகப் படியுங்கள். வழக்குகளின் எண்ணிக்கையைவிட அவற்றின் தன்மை முக்கியம்: குடிநீர் கேட்டுச் சாலை மறியல் செய்ததற்கான வழக்கும், நில மோசடி வழக்கும் ஒன்றல்ல. வேட்பாளரோ அவருடைய குடும்பத்தினரோ மன்றத்திடம் ஒப்பந்தப் பணி எடுப்பவர்களா, மனை வணிகத்தில் இருப்பவர்களா என்று பாருங்கள். தொழில் செய்வது குற்றமில்லை. ஆனால் தம் தொழிலைத் தொடும் தீர்மானம் வரும்போது அவையிலிருந்து விலகி நிற்பாரா என்று முன்கூட்டியே கேட்டுப் பதில் பெறுவது வாக்காளரின் உரிமை.

அவரை நேரில் சந்திக்க வாய்ப்புக் கிடைத்தால், பொதுவான கேள்விகளை விட்டுவிட்டு, உங்கள் தெருவில் கண்ணால் காணக்கூடிய ஒன்றைப் பற்றிக் கேளுங்கள். எடுத்துக்காட்டாக, பழைய தார்ப் பரப்பைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே மீண்டும் மீண்டும் சாலை போட்டதால் தெரு மட்டம் உயர்ந்து, வீட்டு வாசற்படிகள் பள்ளத்துக்குள் போய்விட்டன என்று வைத்துக்கொள்வோம்; மழை பெய்தால் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. இதற்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டால், "உடனே புதுச் சாலை போட்டுத் தருகிறேன்" என்பவர் அதே தவறை இன்னொரு அடுக்கு உயர்த்தப் போகிறவர். பழைய பரப்பைச் சுரண்டி எடுப்பது பணி மதிப்பீட்டிலேயே எழுதப்பட்டிருந்ததா, எழுதப்பட்டும் செய்யாமல் விடப்பட்டதா, ஒப்பந்ததாரரின் குறைதீர்ப்புப் பொறுப்புக் காலம் (பணியில் தெரியும் குறையை அவரே சரிசெய்ய வேண்டிய காலம்) முடிந்துவிட்டதா என்று திருப்பிக் கேட்பவர் வேலையறிந்தவர். விவரம் தெரியாவிட்டாலும், "எனக்குத் தெரியவில்லை, பொறியாளரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று கூறி, சில நாள்களில் உண்மையாகவே பதில் தருபவரையும் அதே வரிசையில் வைக்கலாம். பேச்சு வன்மைக்கு இதில் இடமே இல்லை. தயங்கித் தயங்கிப் பேசும் சிலர் கணக்கில் மிகக் கூர்மையாக இருப்பார்கள்.

வாக்குறுதிகளைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் கேளுங்கள்: பணம் எங்கிருந்து வரும்? வரியைக் குறைப்பேன் என்றும் வசதிகளைக் கூட்டுவேன் என்றும் ஒரே மேடையில் பேசுபவர், எந்தச் செலவைக் குறைக்கப் போகிறார் என்றும் சொல்லியாக வேண்டும். ஒரு பூங்காவைக் கட்டும் செலவு ஒரு முறை வருவது. அதைப் பராமரிக்கும் செலவு ஆண்டுதோறும் வரும். இந்த இரண்டாவது செலவைத் தாமாகவே குறிப்பிடும் வேட்பாளர் அபூர்வம்.

கட்சியைப் பார்ப்பதா ஆளைப் பார்ப்பதா என்ற கேள்விக்கு எல்லா ஊர்களுக்கும் பொருந்தும் விடை கிடையாது. கட்சிக் கட்டுப்பாட்டின்படியே வாக்களிக்கப்படும் மன்றத்தில் கட்சியின் உள்ளூர் நடத்தையும் கணக்கில் வரவேண்டும்; தலைநகரத்துக் கோபத்தையோ பாசத்தையோ மட்டும் வைத்து முடிவெடுத்தால் குப்பை அள்ளும் ஏற்பாட்டைப் பற்றி நாம் எதுவும் சொல்லாதவர்களாகிவிடுவோம். சுயேச்சையாக நிற்பவரிடம், மன்றத்தில் யாரோடு சேர்ந்து பணியாற்றுவார் என்று வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள்.

வாக்குக்குப் பணமோ பொருளோ தருபவரை ஒப்பீட்டுக்கே எடுத்துக்கொள்ளக் கூடாது; செலவழித்ததைத் திரும்ப எடுக்க வேண்டிய கட்டாயத்தோடு அவர் உள்ளே போகிறார். கடைசி வாரத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றும் குற்றச்சாட்டு எதையும், அதற்கான ஆவணத்தையோ சம்பந்தப்பட்டவரின் பதிலையோ பார்க்கும் வரை முடிவில் சேர்க்காதீர்கள்.

இவ்வளவும் சேர்ந்தபின் ஒரு தாளில் வேட்பாளர்களின் பெயர்களை எழுதி, எந்த நிலையிலும் ஏற்க முடியாதவர்களை முதலில் அடித்துவிடுங்கள். எஞ்சியவர்களில், நீங்கள் எழுதிய குறைகளைப் பற்றித் தெளிவாகப் பேசியவர் யார், அதைச் செய்து முடிக்கும் திறன் யாருக்கு என்று பாருங்கள். இருவர் சமமாக நின்றால், தோற்றால் கூட அந்தப் பகுதிக்காக யார் தொடர்ந்து உழைப்பார் என்று எண்ணிப் பாருங்கள். நான் அவருக்கே என் வாக்கை அளிப்பேன். ஒருவருமே தேறவில்லை என்றால், குறைந்த தீங்கு செய்யக்கூடியவரைத் தேர்ந்தெடுத்து, அவர் பதவியேற்ற பின் நடக்கும் முதல் மன்றக் கூட்டத்தின் குறிப்பிலிருந்தே அவரைக் கவனிக்கத் தொடங்குங்கள்.