கார்பன் ஃபில்டர் போட்டும் வாடை வருகிறதா? புதிது வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் வீட்டுக்கு நான்கு கஞ்சாச் செடிகள் வரை வளர்த்துக்கொள்ளலாம். ஆளுக்கு நான்கு அல்ல, வீட்டுக்கு நான்கு. கியூபெக் மாகாணத்தில் அதுவும் கிடையாது; அந்தத் தடை செல்லும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மற்றபடி சட்டம் அனுமதித்தாலும் பக்கத்து வீட்டுக்காரரின் மூக்கு அனுமதிக்க வேண்டுமே! அடுக்குமாடி என்றால் கட்டடத்தின் சொந்த விதிகளே செடி வளர்ப்பதைத் தடுக்கலாம். முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். (ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு: இந்தியாவில் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி இது குற்றம். இலங்கையிலும் அனுமதி கிடையாது.)

வழக்கமாக நடப்பது இதுதான். பேஸ்மென்ட்டில் செடி வளர்க்க ஒரு டென்ட் (துணிக்கூடாரம்), உள்ளே விளக்கு, மேலே கார்பன் ஃபில்டரும் ஃபேனும். பூக்கத் தொடங்கிச் சில வாரம் வரை வாடையே இல்லை. பிறகு ஒருநாள் மாடிப்படி வரை வாடை ஏறிவிடுகிறது. உடனே ‘ஃபில்டர் செத்துப்போச்சு’ என்று புதிதாக ஒன்று வாங்குகிறார்கள். அதை மாட்டியும் வாடை போவதில்லை. ஏனென்றால் பெரும்பாலான நேரங்களில் ஃபில்டர் நன்றாகத்தான் இருக்கிறது. காற்றுதான் அதன் வழியாகப் போகாமல் வேறு வழி பிடித்திருக்கிறது.

ஃபில்டர் என்ற அந்த உருளைக்குள் இருப்பது என்னவென்று தெரிந்தால் மற்றது எளிது. அது கரி. நிலக்கரியிலிருந்தும் செய்கிறார்கள், தேங்காய்ச் சிரட்டையிலிருந்தும் செய்கிறார்கள். காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கத்துக் கொட்டாங்குச்சியும் இலங்கைச் சிரட்டையும் கரியாகிக் கப்பலேறுவது நெடுநாள் வியாபாரம். கரியை நீராவி கொடுத்து மிகுந்த சூட்டில் பதப்படுத்தும்போது கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் உண்டாகின்றன. ஒரு கிராம் கரியின் உள்பரப்பை விரித்தால் சுமார் 1,000 சதுர மீட்டர் வரும். வாசனை மூலக்கூறுகள் அந்தப் பரப்பில் போய் ஒட்டிக்கொள்கின்றன. சல்லடை வேலை இல்லை இது, ஒட்டும் வேலை. ஒட்டுவதற்கு நேரம் வேண்டும், இடம் வேண்டும், கரி காய்ந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, இந்தச் செடியின் வாடை கொஞ்சம் முரட்டு ஆசாமி. எலுமிச்சை, பைன் போல மணக்கும் டெர்பீன்கள் மட்டும் என்றால் கரி சுலபமாகப் பிடித்துவிடும். ஆனால் ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் நாற்றம் போன்ற அந்த ‘ஸ்கங்க்’ நெடிக்குக் காரணம் கந்தகம் கலந்த சேர்மங்கள் என்று 2021இல் வேதியியலாளர்கள் கண்டறிந்தார்கள். வெயில் பட்டுக் கெட்டுப்போன பீரில் வரும் அதே சேர்மம்தான் அதில் முக்கியமானது. அணுவளவு இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆகவே நூற்றில் தொண்ணூறு பங்கு காற்று ஃபில்டர் வழியாகப் போனால் போதாது. மீதிப் பத்தே தெரு வரை சொல்லிவிடும்.

மோப்பம் பிடிக்காமல் தொடங்குவது

முதல் தவறு இங்கேதான். எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமலே மருந்து தேடுவது.

டென்ட் பக்கத்திலேயே இருப்பவரின் மூக்கு பழகிப்போயிருக்கும். ஒரு மணி நேரமாவது வெளியே போய்விட்டு வாருங்கள், அல்லது அந்தப் பக்கமே வராத ஒருவரைக் கூப்பிடுங்கள். நேராக டக்ட் (காற்றை வெளியே கொண்டுபோகும் குழாய்) முடியும் இடத்துக்குப் போய், அங்கே வெளிவரும் காற்றை மோந்து பாருங்கள். அங்கே வாடை அடித்தால் ஃபில்டரிலோ அதன் இணைப்பிலோ கோளாறு. அங்கே ஒன்றும் இல்லை, அறைக்குள் மட்டும் அடிக்கிறது என்றால் ஃபில்டரைத் தொட வேண்டியதே இல்லை; டென்ட் ஒழுகுகிறது, அல்லது வாடை டென்ட்டிலிருந்தே வரவில்லை. இந்த ஒரு சோதனையைச் செய்யாததால் வீணாகிற பணம் கொஞ்சநஞ்சமல்ல.

ஃபில்டருக்கும் ஃபேனுக்கும் நடுவே

டக்ட் முனையில் வாடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது நான் முதலில் சந்தேகப்படுவது ஃபில்டரின் வாய் ஃபேனோடு சேரும் இடத்தை.

வழக்கமான அமைப்பில் ஃபில்டர் டென்ட்டுக்குள் தொங்கும், அடுத்து ஃபேன், பிறகு டக்ட் வெளியே போகும். ஃபேன் இழுக்கிறது, காற்று கரி வழியாக வருகிறது. இங்கே ஃபில்டருக்கும் ஃபேனுக்கும் நடுவில் விரல்நக அளவு இடைவெளி இருந்தால் என்ன ஆகும்? கரி வழியாக வருவது காற்றுக்குச் சிரமம், அந்த ஓட்டை வழியாக வருவது சுலபம். டென்ட்டுக்குள் இருக்கும் வாடைக் காற்று அப்படியே உறிஞ்சப்பட்டு, கரியைத் தொடாமலே வெளியே போகும். உறிஞ்சும் பக்கம்தானே, அங்கே ஒழுகினால் என்ன என்று பலர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். ஃபேன் உடம்பின் இரு பாதி சேரும் கோடும், வயர் நுழையும் பெட்டியும்கூட ஃபேன் டென்ட்டுக்குள் இருந்தால் இதே கணக்கில் வரும். அதே ஃபேனை டென்ட்டுக்கு வெளியே வைத்தால் அந்த ஓட்டைகள் அறைக் காற்றைத்தான் இழுக்கும். அதனால் வாடைப் பிரச்சினை இல்லை.

சிலர் திருப்பி வைத்திருப்பார்கள்: ஃபேன் முன்னால், ஃபில்டர் கடைசியில், டென்ட்டுக்கு வெளியே. அப்போது ஃபேனிலிருந்து ஃபில்டர் வரையுள்ள டக்ட் முழுக்க வாடைக் காற்று அழுத்தத்தோடு நிற்கிறது. ஒரு ஊசித்துளை போதும், அறைக்குள் பீய்ச்சும்.

சரி, எப்படி அடைப்பது? ஹோஸ் கிளாம்ப்பை (குழாயைச் சுற்றி இறுக்கும் உலோக வளையம்) திருகி இறுக்கி, அதன்மேல் அலுமினியம் ஃபாயில் டேப் ஒட்டுங்கள். துணி போல இருக்கும் சாம்பல் நிற டக்ட் டேப்பை நம்பாதீர்கள். 1998இல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் டக்ட் அடைக்கும் பொருள்களைச் சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றி வைத்துச் சோதித்தார்கள். மற்றதெல்லாம் தாக்குப்பிடித்தன, பேரிலேயே டக்ட் வைத்திருக்கும் அந்த டேப்தான் கழன்றுவிட்டது.

ஒழுகும் இடம் எது என்று தெரிய, நம் வீடுகளில் எப்போதும் இருக்கும் ஊதுபத்தி போதும். ஃபேனை ஓடவிட்டு, ஜிப்பை மூடி, புகையை ஜிப் ஓரமாகவும் மூலைகளிலும் வயர் போகும் துணிக்குழாயைச் சுற்றியும் மெதுவாக நகர்த்துங்கள். பஞ்சர் கடையில் ட்யூபைத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பது போலத்தான் இது, திசை மட்டும் தலைகீழ்: புகை உள்ளே இழுபட வேண்டும். நேராக மேலே எழும்பினாலோ வெளிப்பக்கம் தள்ளப்பட்டாலோ அங்கே குறி போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் டென்ட்டுக்குள் போய் ஃபில்டர், ஃபேன் இணைப்பைச் சுற்றிக் காட்டுங்கள். அங்கே புகை இடுக்குக்குள் சுருண்டு போனால் திருடன் அகப்பட்டான். ஒரு நிமிடத்தில் வேலையை முடித்துவிடுங்கள், புகையும் கரியைத்தான் அடைக்கும். மோப்பச் சோதனையை இதற்கு முன்பே செய்துவிட வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

டென்ட் உப்பியிருந்தால்

ஃபேன் ஓடும்போது டென்ட்டின் பக்கச் சுவர்கள் லேசாக உள்வாங்கியிருக்க வேண்டும். உப்பியிருந்தால் உள்ளே வரும் காற்று வெளியே போவதைவிட அதிகம் என்று அர்த்தம். மிச்சக் காற்று ஒவ்வொரு தையல் ஓட்டை வழியாகவும் வெளியேறும். காற்றை உள்ளே தள்ள இன்னொரு ஃபேன் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு இது. சிறிய டென்ட்டுக்கு அந்த ஃபேனே தேவையில்லை, கீழே உள்ள வலை ஜன்னலைக் கொஞ்சம் திறந்தால் போதும். எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டாலும் உள்ளிழுப்பு விசை தளர்ந்துவிடும்.

ராத்திரியில் மட்டும் வாடை வருகிறது என்றால் கன்ட்ரோலரைப் பாருங்கள். வெப்பநிலை பார்த்து ஃபேனை ஓட்டும் கருவி, விளக்கு அணைந்ததும் ‘குளிர்ந்துவிட்டது, வேலை முடிந்தது’ என்று ஃபேனையும் நிறுத்திவிடும். செடி அப்போதும் மணந்துகொண்டுதான் இருக்கிறது. ஈரப்பதமும் ஏறுகிறது. கீழ் ஜன்னல் வழியாக எல்லாம் அறைக்குள் வந்துவிடும். குறைந்த வேகத்திலாவது 24 மணி நேரமும் ஃபேன் ஓட வேண்டும். கருவியில் குறைந்தபட்ச வேகம் என்று ஒரு அமைப்பு இருந்தால் அதைப் பூஜ்யத்தில் விடாதீர்கள்.

பெரிய ஃபேன் என்ற ஆசை

இது கணக்கு போட்டால் புரியும். 120 செ.மீ. நீளம், 120 அகலம், 200 உயரம் உள்ள டென்ட்டின் கொள்ளளவு 2,880 லிட்டர், அதாவது சுமார் 100 கன அடி. நிமிடத்துக்கு ஒருமுறை காற்றை மாற்றவே 100 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்ற அளவு) போதும். ஃபில்டரும் டக்ட் வளைவுகளும் தடுப்பதற்காக இரட்டிப்பாக வைத்தாலும் 200. ஆனால் பலரும் வாங்குவது 400 சிஎஃப்எம் ஃபேன்.

அதை முழு வேகத்தில் விட்டால் நொடிக்குச் சுமார் 190 லிட்டர் காற்று போகிறது. வாய் 6 அங்குலம் உள்ள ஃபில்டர் ஒன்றில், கரிப் படலம் 4 செ.மீ. தடிமன், 45 செ.மீ. நீளம் என்றால் கரியின் மொத்தக் கொள்ளளவு 10 லிட்டர்தான். அப்படியானால் காற்று கரிக்குள் இருக்கும் நேரம் நொடியில் இருபதில் ஒரு பங்கு. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அந்த நேரம் இரட்டிப்பாகும். வாடை வந்தவுடன் ஃபேன் வேகத்தைக் கூட்டுவது இயல்பாகத் தோன்றும். டக்ட் முனையில் வாடை இருக்கும்போது அது நிலைமையை மோசமாக்கும். குறைத்துப் பாருங்கள், டென்ட் சுவர் உள்வாங்கியபடியே இருக்கும் வரை. ஃபேனின் சிஎஃப்எம் எண் ஃபில்டரின் சிஎஃப்எம் எண்ணைத் தாண்டக்கூடாது என்பது வாங்கும்போதே பார்க்க வேண்டியது.

ஈரம், தூசி, அசைவு

ஒப்பு ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால் கரியின் துளைகளில் தண்ணீர் உட்கார்ந்துகொள்ளும், வாசனைக்கு இடமிருக்காது. பூக்கும் பருவத்தில் 50 பக்கம் வைத்திருப்பது பூஞ்சை பிடிக்காமல் இருக்கவும் நல்லது. ஹியூமிடிஃபையரின் பனிமூட்டம் ஃபில்டரை நோக்கி அடிக்கும்படி வைப்பதையும் பார்த்திருக்கிறேன். எதற்கு அந்த வேலை?

ஃபில்டர் மேல் போர்த்தும் வெள்ளைத் துணி தூசி பிடிக்கத்தான். சாம்பல் நிறமானதும் கழற்றித் துவைக்கலாம், ஆனால் நன்றாகக் காய்ந்த பிறகே போட வேண்டும். கரியைத் தண்ணீர் விட்டுக் கழுவலாம், அடுப்பில் வைத்து உயிர்ப்பிக்கலாம் என்ற யோசனைகளைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். கரி தொழிற்சாலையில் காணும் சூட்டை வீட்டு ஓவன் கனவிலும் எட்டாது.

ஃபில்டரை இடம் மாற்றும்போது கீழே தட்டி வைத்தால் கரித்துண்டுகள் நெருங்கி இறங்கி, ஒரு ஓரத்தில் வெற்றிடம் விழும். காற்று அந்த ஓரத்தைக் கண்டுபிடித்துவிடும். கையில் எடுத்து மெல்லச் சாய்த்தால் உள்ளே கரி கலகலவென்று உருளும் சத்தம் கேட்கிறதா? அப்படியென்றால் இடம் விட்டிருக்கிறது, மாற்றுவதுதான் வழி.

மணத்தை மணத்தால் மூடுவது

வாசனை ஜெல்லை டென்ட்டுக்குள் வைத்தால் அந்த மணத்தையும் கரிதான் உறிஞ்ச வேண்டும்; சீக்கிரம் நிரம்பிவிடும். அதே அறையில் சுவருக்குப் பெயின்ட் அடிப்பதும் ஃபில்டருக்கு அதே கேடு.

ஓசோன் மெஷின் வேண்டவே வேண்டாம். நுரையீரலை எரிக்கும் வாயு அது, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இன்னும் ஆபத்து. வீட்டில் பயன்படுத்தாதீர்கள் என்று கனடா சுகாதாரத் துறையே சொல்கிறது.

டக்ட்டைக் குளியலறை எக்ஸாஸ்ட் குழாயில் சொருகுவது இன்னொரு குறுக்குவழி. அந்தக் குழாய் பல வீடுகளுக்குப் பொது என்றால், உங்கள் ஈரக் காற்று வேறொருவர் குளியலறையில் இறங்கும். தனி வீட்டில் வேறு கவலை: பேஸ்மென்ட்டிலேயே புகைபோக்கி வைத்த பழைய கேஸ் வாட்டர் ஹீட்டர் இருந்து, நீங்கள் அங்கிருந்து காற்றை இடைவிடாமல் வெளியே இழுத்தால், ஹீட்டரின் புகை மேலே போகாமல் வீட்டுக்குள் திரும்பலாம். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். வாடை பெரிய விஷயமல்ல, இது உயிர் விஷயம். அந்த வாயுவைக் காட்டும் டிடெக்டர் வைத்து, ஹீட்டர்காரரை ஒருமுறை கூப்பிட்டுக் காட்டுங்கள்.

குளிர்காலத்தில் டக்ட்டின் வெளிப்பக்கம் உறைந்திருக்க, உள்ளே வரும் வெதுவெதுப்பான காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகி ஃபேன் பக்கம் திரும்பி ஒழுகும். காப்புறை போட்ட டக்ட்டும் வெளிப்பக்கம் சாய்வும் இருந்தால் போதும்.

எல்லாம் சரி, ஆனாலும் வருகிறது

அப்போது டென்ட்டை விட்டுவிட்டு வீட்டைப் பாருங்கள். அறுவடைக்குப் பிறகு கொப்புகளை அலமாரியில் காயப்போட்டிருக்கிறீர்களா? வாடை உச்சத்தில் இருப்பது அந்த நாள்களில்தான். செடி இருந்த டென்ட்டிலேயே, ஃபேனும் ஃபில்டரும் ஓடியபடி காயவைத்தால் பாதித் தொல்லை தீரும். வெட்டிய இலைகளைச் சமையலறைக் குப்பையில் போட்டால் எந்த ஃபில்டரும் காப்பாற்றாது. கத்தரிக்கோலில் ஒட்டிய பிசின், வேலை செய்தபோது போட்டிருந்த ஸ்வெட்டர் எல்லாம் நடந்து திரியும் வாடைதான்.

இத்தனையும் பார்த்து, இணைப்புகள் இறுகி, வேகம் குறைந்து, ஈரம் அடங்கி, அப்போதும் டக்ட் முனையில் வாடை அடித்தால் கரி நிரம்பிவிட்டது. இடைவிடாமல் ஓடினால் ஒரு வருடம், ஒன்றரை வருடம் என்பது வழக்கமான ஆயுள். புதியதை மாட்டும் நாளை அதன் மேலேயே மார்க்கரால் எழுதி வையுங்கள். இடையில் செடி இல்லாத மாதங்களில் கழற்றி பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி வைக்க வேண்டும். ஃபேன் ஓடாவிட்டாலும் கரி சும்மா இருக்காது, அறையில் வதக்கும் வெங்காய வாசனையையும் உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும்.