கேட்பதற்கு முன் பதிலுக்கு ஆள் வையுங்கள்

திருகோணமலை மாவட்டத்தின் உள்ளூராட்சி சபையொன்று இணையத்தின் வழியாக மக்களின் கருத்தைக் கேட்க விரும்பினால், எந்தச் செயலியைப் பயன்படுத்துவது என்பதைவிட, வரும் முறைப்பாட்டுக்கு யார், எத்தனை நாட்களுக்குள் பதில் எழுதுவார் என்பதையே முதலில் தீர்மானிக்க வேண்டும். முகநூல் பக்கம் திறக்க அரை மணி நேரம் போதும். ஆனால் அதில் திறப்பு விழாப் படங்கள் மட்டும் ஏறி, எரியாத தெருவிளக்கைப் பற்றிக் கேட்டவருக்கு ஒரு வரியும் வராதெனில், அப்பக்கம் இல்லாதிருப்பதே நல்லது.

எனவே ஓர் உத்தியோகத்தரிடம் பொறுப்பை ஒப்படைத்து, ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, அதன் நிலையை எவரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். பழுதான வீதி சபைக்குரியதன்று, வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்குரியது என்றால், அதைச் சொல்வதோடு முறைப்பாட்டை அங்கே அனுப்பிய திகதியையும் குறிப்பிடுங்கள். பிரித்தானிய நாடாளுமன்றத்தின் இணைய மனுத் தளத்தில் 10,000 கையொப்பம் சேர்ந்தால் அரசு பதிலளிக்கும். 100,000 சேர்ந்தால் மனு விவாதத்துக்குப் பரிசீலிக்கப்படும். வாக்குறுதி பெரிதன்று, ஆயினும் கையொப்பமிடுபவர் அதன் எல்லையை முன்பே அறிவார்.

அடுத்தது தகவல். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, கோரிக்கை கிடைத்து 14 வேலை நாட்களுக்குள் தகவல் உத்தியோகத்தர் தம் முடிவை அறிவிக்க வேண்டும். பலரும் கேட்கும் விபரங்களை, விண்ணப்பித்தவரின் பெயரை நீக்கி இணையத்தில் இட்டுவிட்டால், அடுத்த விண்ணப்பத்துக்கு வேலையே இராது. பாதீட்டு வரைவையும் நிறைவேற்றிய பின்னர் அல்ல, அதற்கு முன்னரே வெளியிடுங்கள். வருடிய படமாகவோ, யுனிகோட் முறையில் அமையாத பழைய பாமினி எழுத்துருவிலோ இட்ட ஆவணத்தைத் தேடியெடுக்கவோ கைத்தொலைபேசியில் ஒழுங்காக வாசிக்கவோ முடியாது; யுனிகோட்டிலேயே தட்டச்சிடுங்கள். (அலுவலகக் கணினிகளில் பாமினி இன்னும் ஆட்சி செய்வதை அறிந்தே இதைச் சொல்கிறேன்.) தமிழும் சிங்களமும் ஒரே நாளில் வெளிவர வேண்டும்; தமிழ் பேசும் கிண்ணியாவுக்கு இன்றும் சிங்களவர் அதிகம் வாழும் கந்தளாய்க்கு அடுத்த வாரமும் போய்ச் சேரும் அறிவித்தல், கேட்கும் முன்பே ஒரு சாராரை விலக்கிவிடுகிறது.

எல்லோரும் படிவம் நிரப்ப மாட்டார்கள். விடியற்காலையில் கரைக்குத் திரும்பும் கடற்றொழிலாளர் வட்ஸ்அப்பில் குரற்செய்தி அனுப்பலாம். வெருகலில் இணையம் இல்லாத வீட்டார் கிராம உத்தியோகத்தரிடம் தாளில் எழுதிக் கொடுக்கலாம். அவை அனைத்தும் ஒரே பதிவேட்டில் ஏற வேண்டும். மின்குமிழ் பழுதைச் சொல்பவரிடம் அடையாள அட்டை இலக்கம் கேட்க வேண்டியதில்லை.

கருத்து வேறுபாடு கூடிய விடயங்களுக்குத் தாய்வானின் அனுபவம் உதவும். 2015இல் ஊபர் சேவையை ஒழுங்குபடுத்துவது பற்றி அங்கு நடந்த இணையக் கலந்துரையாடலில், மற்றவரின் கூற்றுக்கு மறுமொழி எழுத இடமில்லை. உடன்பாடா இல்லையா என்று குறிக்கலாம், அல்லது கடந்து செல்லலாம். வசை குறைந்து, எதிரெதிர் அணிகளும் உடன்படும் புள்ளிகள் வெளிப்பட்டன. சந்தை நேரம், கழிவகற்றல் போன்றவற்றுக்கு இம்முறை இங்கும் பொருந்தும். காணி, வழிபாட்டிடம் ஆகியவற்றை மட்டும் இணைய வாக்கெடுப்புக்கு விடாதீர்கள். மூவினத்தவர் வாழும் மாவட்டத்தில் தலை எண்ணிக்கை அவற்றுக்குத் தீர்வாகாது.

காலமும் முக்கியம். ஐப்பசியில் மாரி தொடங்கும் ஊரில் வடிகான் பற்றி ஆவணியிலேயே கேளுங்கள். புரட்டாதி முடிவதற்குள், துப்புரவாக்கிய வடிகான்களின் பட்டியலையும் விடுபட்டவற்றுக்கான காரணத்தையும் கேள்வி கேட்ட அதே இடத்தில் வெளியிடுங்கள்.