லீசு நீட்டிக்கப் போகிறீர்களா? மறுபடியும் வில்லங்கம் பாருங்கள்

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு ஃபிளாட்டின் மேல்மாடியில் லீசுக்கு இருக்கிறோம். ஆறு லட்சம் கொடுத்துக் குடிவந்தது. வாடகை கிடையாது, காலி செய்யும்போது பணம் திரும்ப வரும். என் மாமியார் இதைப் போக்கியம் என்றுதான் சொல்வார். மூன்று வருடம் முடிந்து, போன தை மாதம் நீட்டித்தோம். என் தையல் கடைக்கு வருகிறவர்கள் அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

முதலில் நான் ஏமாந்த கதை. அதற்கு முன்பு காகிதப்பட்டறையில் இருந்தோம். அங்கே லீசு முடிந்தபோது வீட்டுக்காரர் பழைய பத்திரத்தின் பின்பக்கத்திலேயே "மேலும் இரண்டு வருடம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நானும் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். ஏழு மாதம் கழித்து, மதியம் சாப்பிட வந்தால் கதவில் வங்கி நோட்டீஸ். பசை கூடக் காயவில்லை. நாங்கள் குடிவந்தபோது வீட்டின் மேல் கடன் இல்லை, பார்த்துத்தான் வந்தோம். நடுவில் வாங்கியிருக்கிறார். எங்கள் பணம் பத்தும் இருபதுமாக வந்து சேர ஒன்றரை வருடம் ஆனது.

கடையில் அளவு ரவிக்கையைக் கொடுத்து "இதே மாதிரி தைச்சிடுங்க" என்பார்கள். மூன்று வருடத்தில் உடம்பு மாறியிருக்குமே என்று நான் டேப்பை எடுப்பேன். லீசு விஷயத்தில் மட்டும் எடுக்காமல் விட்டேன்.

அதனால் லீசு முடிவதற்கு மூன்று மாதம் முன்பே, வீட்டின் மேல் என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று காட்டும் வில்லங்கச் சான்றைப் பாருங்கள். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண் இவை வேண்டும், வீட்டுக்காரரின் கிரயப் பத்திரத்தில் இருக்கும். நீங்கள் குடிவந்த தேதியிலிருந்து இன்றுவரை தேடுங்கள். அடமானமோ, உரிமை ஆவண ஒப்படைப்போ (வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்குவது, எம்ஓடி என்பார்கள்) புதிதாக ஏறியிருந்தால், அந்தக் கடன் தீர்ந்த ரசீதும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீட்டிக்காதீர்கள், பணத்தைக் கேளுங்கள். வீட்டுக்காரர் இடையில் தவறியிருந்தால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். மூத்த மகன் மட்டும் போட்டால் போதாது.

அடுத்தது பேரம். எங்கள் வீட்டுக்காரர் எட்டு லட்சம் கேட்டார். சிஎம்சி மருத்துவமனைக்கு வரும் வெளிமாநிலத்தாருக்கு விட்டால் இதைவிட வருமாம். காந்தி ரோடு பக்கம் வரும், சத்துவாச்சாரி மேல்மாடிக்கு யார் வருவார்கள்? இந்த மாதிரிப் பேச்சுக்குப் பதில் சொல்லாமல் கணக்குப் போடுங்கள். கூடுதலாகக் கேட்கும் 2 லட்சத்துக்கு 7 சதவீத வட்டி என்று வைத்தால் வருடம் 14,000, மாதம் சுமார் 1,170. மாதா மாதம் அவ்வளவு கூடக் கொடுக்க இந்த வீடு தகுமா? எனக்குத் தகவில்லை. ஆறரை லட்சத்தில் முடித்தோம்.

பத்திரம் புதிதாக எழுதுங்கள், பின்பக்கக் குறிப்பு வேண்டாம். நான் பத்திர எழுத்தரிடம் வற்புறுத்திச் சேர்த்த வாசகம் இது: "முந்தைய பத்திரத்தின்படி பெற்ற ரூ.6,00,000 எந்தப் பிடித்தமும் இன்றி உரிமையாளர் வசம் உள்ளது. இன்று வங்கி மூலம் மேலும் ரூ.50,000 பெறப்பட்டது. மொத்தம் ரூ.6,50,000-மும் காலி செய்யும் நாளில் சாவியைப் பெற்றுக்கொண்டு திருப்பித் தரப்படும்." முதல் வரி இல்லாவிட்டால், புதுப் பத்திரத்தில் ஐம்பதாயிரத்துக்கு மட்டும்தான் சாட்சி இருக்கும். பழைய பத்திரத்தின் தேதியையும் எண்ணையும் எழுதி, அதன் அசலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். "கிழிச்சிடலாம்மா" என்பார்கள், கொடுத்துவிடாதீர்கள்.

ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் பலரும் பதினோரு மாதம் என்று எழுதுகிறார்கள். லட்சக்கணக்கில் பணம் கொடுத்த நமக்கு அது நல்லதில்லை. முப்பது வருடத்துக்குக் குறைந்த குத்தகைக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். ஆறரை லட்சத்துக்கு இரண்டும் சேர்ந்து 13,000. போக்கிய அடமானம் என்று எழுதினால் தீர்வை கூடும், அதனால் எந்த வகையில் எழுதுகிறோம் என்பதை எழுத்தரிடம் முன்கூட்டியே கேளுங்கள். செலவை ஆளுக்குப் பாதி என்று பேசினோம். 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடமும் பதிய வேண்டும். அதற்குத் தனி இணையதளம் இருக்கிறது, வேலை சுலபம்.

அப்புறம், ரிப்பேர் எது வேண்டுமானாலும் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். நான் சமையலறைக் குழாயும், மொட்டைமாடித் தளத்துக்கு வெள்ளைப் பூச்சும் கேட்டேன். குழாய் மறுநாளே வந்தது. பூச்சு சித்திரைக்குள் என்றார். அதைப் பத்திரத்தில் எழுதச் சொல்ல மறந்துவிட்டேன். இந்த வேலூர் வெயிலில் ராத்திரி பத்து மணிக்கும் கூரை சுடுகிறது.