பழைய மாடல் ரயில் எஞ்சினுக்குப் புதுப் பெயின்ட்: முதல் தடவை செய்பவர்களுக்கு

போன தை மாதம் செகண்ட் ஹேண்டில் ஹெச்ஓ (HO) என்ற அளவில் ஒரு மாடல் டீசல் எஞ்சின் வாங்கினேன். "நல்லா ஓடும்" என்று விற்றவர் சொல்லியிருந்தார். பெட்டியைப் பிரித்தால் ஒரு பக்கக் கைப்பிடிக் கம்பியைக் காணோம். கூரையில் யாரோ பிரஷ்ஷால் கறுப்புப் பெயின்ட்டை அப்பியிருந்தார்கள். தண்டவாளத்தில் வைத்தால் விளக்கு மட்டும் எரிந்தது. மூன்று வாரம் கழித்து அதே எஞ்சின் நீல உடம்பும் கிரீம் பட்டையுமாக என் மேஜையைச் சுற்றி ஓடியது. அந்த மூன்று வாரத்தில் பெயின்ட் அடித்த நேரத்தைக் கூட்டினால் ஒரு மணி நேரம்கூட வராது. மற்றதெல்லாம் கழற்றியது, கழுவியது, தேய்த்தது, காயட்டும் என்று சும்மா இருந்தது. முதல் தடவை செய்பவர்கள் அவசரப்படுவது இந்தச் சும்மா இருக்கும் இடத்தில்தான். அதனால் அதைப் பற்றியே அதிகம் சொல்லப்போகிறேன்.

எனக்கு ரயில் ஆசை வந்தது வேலூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில். விழுப்புரம் – காட்பாடி பாதை மீட்டர் கேஜாக இருந்த காலம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து சேர்ந்ததே நம்ம வாலாஜா ரோட்டுக்குத்தான் என்று தாத்தா பெருமையாகச் சொல்வார். அந்தப் பெருமை எனக்கும் ஒட்டிக்கொண்டது.

வாங்கும்போது

ஹெச்ஓ அளவில் தொடங்குங்கள். நிஜ எஞ்சினில் 87-ல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. அதைவிடச் சிறிய 'என்' (N) என்ற அளவில் இடைவெளி 9 மி.மீ. தான், அதன் ஸ்குரூவைப் பிடிக்கவே கை பழக வேண்டும். பிளாஸ்டிக் உடம்போடு 12 வோல்ட் டிசியில் ஓடும் சாதாரண டீசல் போதும். ஸ்டீம் எஞ்சினில் சக்கரங்களைச் சேர்க்கும் ராடு, வால்வு என்று சின்னச் சின்னப் பாகங்கள் நிறைய. அது பிறகு இருக்கட்டும். மார்க்லின் ஏசி எஞ்சின்கள் தண்டவாளத்தின் நடுவிலிருந்து மின்சாரம் எடுப்பவை. சாதாரண இரண்டு தண்டவாள டிசி பாதையில் ஓடாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள்.

அடிச்சட்டம் வார்ப்பு உலோகம் என்றால் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு, உப்பல், வளைவு இருந்தால் வேண்டாம். துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற மாசு சேர்ந்திருந்தால் அது வருடக் கணக்கில் உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டே போகும். அதற்கு வைத்தியம் கிடையாது.

இன்னொன்று. 16.5-ஐ 87-ஆல் பெருக்கினால் சுமார் 1435 மி.மீ. வரும். அது வெளிநாட்டு ஸ்டாண்டர்டு கேஜ். நம்ம பிராட் கேஜ் 1676. ஆகவே நம்ம ஊர் நிறம் அடித்தாலும் எஞ்சின் கீழே கொஞ்சம் ஒடுங்கித்தான் நிற்கும். எனக்கு அது உறுத்தவில்லை.

முதலில் ஓட வையுங்கள்

ஓடாத எஞ்சினுக்குப் பெயின்ட் அடித்தால், பிறகு ரிப்பேருக்காகத் திறக்கும்போது புதுப் பெயின்ட்டில் கீறல் விழும். அதனால் மோட்டார் வேலைதான் முதலில்.

உடம்பைக் கழற்றுங்கள். சிலவற்றில் அடியில் ஸ்குரூ இருக்கும், சிலவற்றில் பக்கவாட்டில் கொக்கி மட்டும். கொக்கியானால் இரண்டு பக்கமும் நகத்தால் மெல்ல விரித்தால் போதும், நெம்பக் கூடாது. ஒவ்வொரு படியையும் போனில் படம் எடுங்கள். கழற்றும் ஸ்குரூக்களை இட்லித் தட்டில் போடுகிறேன். முதல் குழியில் முதலில் கழற்றியது, அடுத்ததில் அடுத்தது. திரும்பப் பூட்டும்போது கடைசிக் குழியிலிருந்து ஆரம்பித்தால் வரிசை மாறாது. கீழே வெள்ளை வேட்டித் துணி விரித்துக்கொண்டால் தெறிக்கும் ஸ்பிரிங் கண்ணில் படும்.

இப்போது 9 வோல்ட் பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் எடுத்து மோட்டாரின் இரண்டு முனையிலும் தொடுங்கள். (உள்ளே டிசிசி எனும் டிஜிட்டல் கட்டுப்பாட்டு சிப் இருந்தால் இந்தச் சோதனை வேண்டாம்.) மோட்டார் சுற்றினால் கோளாறு மின்சாரம் எடுக்கும் பட்டையிலோ சக்கரத்திலோ இருக்கிறது. என் எஞ்சினில் அதுதான். சக்கரத்தின் உள்பக்கம் உரசும் மெல்லிய செம்பு நிறப் பட்டைகளில் தலைமுடியும் காய்ந்த எண்ணெயும் சேர்ந்து தார் மாதிரி ஒட்டியிருந்தன. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் துடைத்தேன். பதினொன்றாவது பட்ஸ்தான் வெள்ளையாகவே வந்தது. பட்டையைச் சக்கரத்தின் மேல் லேசாக அழுந்தும்படி வளைத்துவிட்டதும் எஞ்சின் நகர்ந்தது. சக்கரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். விழுகிற கீறலில்தான் அடுத்த அழுக்கு வந்து உட்காரும்.

ஓடும்போது ஒரு சுற்றுக்கு ஒரு தடவை "டிக்" என்று சத்தம் வந்தால், அச்சில் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் வெடித்திருக்கலாம். ஒட்டினால் நிற்காது, மாற்றத்தான் வேண்டும்.

எண்ணெய்க்குத் தையல் மெஷின் ஆயில். ஊசி முனையில் எடுத்து அச்சுக்கு ஒரு சொட்டு, அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் கையருகே இருக்கிறதே என்று விடாதீர்கள். அது 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும். நம்ம ஊர் மார்கழி இரவில் பாட்டிலிலேயே கட்டியாகிறதே, கியருக்குள்ளும் அதுதான் நடக்கும்.

பழைய பெயின்ட்டை எடுப்பது

பிளாஸ்டிக் உடம்புக்குத் தின்னர், அசிட்டோன், பெட்ரோல் எதுவும் ஆகாது. பெயின்ட்டோடு உடம்பும் இளகிவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்தான் பாதுகாப்பு. 90 சதவீதத்துக்கு மேல் இருப்பதாகக் கேட்டு வாங்குங்கள். மொபைல் சர்வீஸ் செய்பவர்களிடம் கேட்டால் எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். முதலில் உடம்பின் உள்பக்க மூலையில் தடவி அரை மணி நேரம் பாருங்கள். பிளாஸ்டிக் பிசுபிசுக்கவில்லை என்றால் சரி.

கண்ணாடி, விளக்கு, கம்பி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் உடம்பை மூழ்க வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். சில பெயின்ட் இரண்டு மணியில் தோலாக உரியும், சில ஒரு ராத்திரி எடுக்கும். இது எளிதில் தீப்பிடிக்கும் திரவம். அடுப்படியில் வேண்டாம், மொட்டை மாடியோ ஜன்னல் திறந்த அறையோ நல்லது. கையுறை போடுங்கள். ரொம்பப் பழைய தகர பொம்மை ரயிலாக இருந்தால் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அதை உலரத் தேய்க்காமல் ஈரத்திலேயே தேயுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

பிறகு பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். இங்கே வேலூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம். எங்கள் தெரு போர் தண்ணீர் உப்பு. அதில் கழுவிக் காயவைத்தால் மூலைகளில் வெள்ளைத் திட்டு நிற்கும். அதன் மேல் அடிக்கும் பெயின்ட் ஒட்டாது. கடைசி அலசலுக்கு ஆர்ஓ தண்ணீர் ஒரு சொம்பு போதும். காய்ந்த பிறகு வெறும் கையால் தொடக் கூடாது. என் முதல் எஞ்சினில் கட்டை விரல் ரேகை ஒன்று பெயின்ட்டுக்கு அடியில் இன்றைக்கும் தெளிவாகத் தெரிகிறது.

உடைந்ததைச் சரிசெய்வது

காணாமல் போன கைப்பிடிக்கு 0.4 மி.மீ. பித்தளைக் கம்பி. 87-ஆல் பெருக்கிப் பாருங்கள், சுமார் 35 மி.மீ. வரும், நிஜக் கைப்பிடியின் தடிமனுக்குப் பொருந்தும். ஃபெவிக்விக்கைப் பல் குத்தும் குச்சி முனையில் எடுத்து வையுங்கள். ஜன்னல் பிளாஸ்டிக் பக்கத்தில் மட்டும் அது போகக் கூடாது, அதன் ஆவி பட்டால் பனி படர்ந்த மாதிரி வெளுத்துவிடும். ஜன்னலுக்கு ஃபெவிகால். கீறல்களைப் புட்டியால் அடைத்து, காய்ந்ததும் 1000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள்.

பிரைமரும் பெயின்ட்டும்

இந்த வேலைக்கு நம்ம ஊர் வெயிலைக் கேட்டுத்தான் நாள் குறிக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில், 40 டிகிரியைத் தாண்டும் மத்தியானத்தில் ஸ்பிரே அடித்தால் பெயின்ட் காற்றிலேயே காய்ந்து, உடம்பில் மணல் தூவிய மாதிரி சொரசொரவென்று உட்காரும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அடித்தால் ஈரம் சேர்ந்து பால் ஊற்றியது போல் வெளுக்கும். தை, மாசி காலை நேரம், காற்று கிளம்புவதற்கு முன், பனி ஈரம் போன பிறகு, அதுதான் சரியான வேளை. வெயில் காலத்தில் அடித்தே ஆக வேண்டுமென்றால் காலை 8 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

ஸ்பிரே பிடிக்கும் முறையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பைக் டேங்குக்குப் பெயின்ட் அடிக்கும் ஒரு அண்ணன். நான் பழைய பிளாஸ்டிக் மூடியில் அடித்துப் பழகுவதைப் பார்த்துவிட்டு, "தம்பி, கைய நிறுத்தாத. நின்ன எடத்துல வழியும்" என்றார். என் கையைப் பிடித்து ஓட்டியும் காட்டினார். கேனை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்க வேண்டும். 20 முதல் 25 செ.மீ. தூரம். எஞ்சினுக்கு வெளியே வெற்றிடத்தில் பட்டனை அழுத்தி, எஞ்சினைக் கடந்து, மறுபக்கம் வெற்றிடத்தில்தான் விட வேண்டும். முதல் கோட் அடித்தபின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அதிகம் அடித்துவிட்டீர்கள். 15 நிமிடம் விட்டு அடுத்தது. இப்படி மூன்று மெல்லிய கோட்.

சாம்பல் நிறப் பிரைமர் முதலில். அது அடித்ததும் அதுவரை தெரியாத கீறலெல்லாம் தெரியும். திரும்பப் புட்டி, திரும்ப வாட்டர் பேப்பர். சலித்துக்கொள்ளாதீர்கள். எஞ்சினின் அழகு முடிவாவது இந்த இடத்தில்தான். 24 மணி நேரம் காயவிட்டு மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். பெயின்ட் வாசனை வந்தால் இன்னும் காயவில்லை. மேலே ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து வைத்தால் தூசி விழாது.

கார், பைக்குக்கான ஸ்பிரே கேன் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் அரிக்கும். பிரைமருக்கு மேல் புகை மாதிரி மெல்லத் தூவினால் தாங்கும், நனைய அடித்தால் தாங்காது. மாடல்களுக்கான அக்ரிலிக் பெயின்ட் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

பட்டை போடுவது

வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு. பட்டை வரும் இடத்தில் கிரீம் அடித்து ஒரு நாள் காயவிட்டேன். பிறகு பட்டையின் அகலத்துக்கு மாஸ்கிங் டேப்பைக் கண்ணாடி மேல் ஒட்டி, பிளேடால் புது விளிம்பு வெட்டி ஒட்டினேன். டேப்பின் பழைய விளிம்பில் தூசி ஒட்டியிருக்கும், அப்படியே ஒட்டினால் கோடு நேராக வராது. ஹார்டுவேர் கடை டேப்பில் பசை அதிகம். புறங்கையில் இரண்டு முறை ஒட்டி எடுத்தால் பசை மட்டுப்படும்.

டேப் ஒட்டியதும் நேராக நீலத்துக்குப் போகாதீர்கள். விளிம்பின் மேல் மறுபடி ஒரு மெல்லிய கிரீம் கோட். டேப்புக்கு அடியில் எங்கே சந்து இருந்தாலும் அதற்குள் கிரீமே போய் அடைத்துக்கொள்ளும். நீலம் கசிய வழி இருக்காது. நீலத்தின் கடைசிக் கோட் அடித்து அரை மணியில், டேப்பை மேல் நோக்கித் தூக்காமல் அதன் மேலேயே மடித்துச் சாய்த்து மெதுவாக இழுங்கள். கோடு பிளேடு வெட்டிய மாதிரி வந்தபோது எங்கள் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

எழுத்தும் அழுக்கும்

நம்பர், எழுத்துக்கு டீகால், அதாவது தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் ஸ்டிக்கர். அதற்கு முன் பளபளப்பான நிறமற்ற பூச்சு (கிளாஸ் லாக்கர்) ஒரு கோட் அவசியம். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று நின்று வெள்ளி மாதிரி மின்னும். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் ஊறவைத்து, நழுவத் தொடங்கியதும் பிரஷ்ஷால் நகர்த்தி வைத்து, ஈரத்தைத் துணி முனையால் ஒற்றி எடுங்கள். காய்ந்ததும் பளபளப்பில்லாத மேட் லாக்கர். வீட்டுப் பிரின்டரில் டீகால் அச்சடிப்பவர்கள் கவனிக்க: அதில் வெள்ளை மை கிடையாது, வெள்ளை எழுத்து வராது.

புது எஞ்சின் பளபளவென்று நின்றால் பொம்மை மாதிரி இருக்கும். காட்பாடி ஜங்ஷனில் ஒரு பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து அரை மணி நேரம் நின்று பாருங்கள். சக்கரப் பக்கமெல்லாம் பிரேக் தூளின் துரு நிறம், படிக்கட்டில் கால் பட்டுத் தேய்ந்த இடம், கண்ணாடியில் வைப்பர் துடைத்த அரைவட்டம். பழுப்பு, கறுப்பு சாக் கட்டியை உப்புத்தாளில் உரசித் தூளாக்கி, காய்ந்த பிரஷ்ஷால் கீழ்ப்பகுதியில் மட்டும் தடவினேன். டீசல் என்பதால் புகைபோக்கிச் சுற்றிலும் கொஞ்சம் கறுப்பு. மேலே இன்னொரு மேட் கோட் அடித்தால் தூள் நிற்கும். நிறம் கொஞ்சம் மங்கும், அதைக் கணக்கில் வைத்துத் தடவுங்கள்.

பூட்டிய பிறகு

இட்லித் தட்டைக் கடைசிக் குழியிலிருந்து காலி செய்யுங்கள். ஒயர் எதுவும் உடம்புக்கு அடியில் நசுங்காமல் பாருங்கள். பெட்டிகளைக் கோக்கும் கப்ளிங்கின் உயரம் மற்ற பெட்டிகளோடு பொருந்த வேண்டும். பாதி வேகத்தில் முன்னால் அரை மணி, பின்னால் அரை மணி ஓட விடுங்கள். மோட்டாரும் புது எண்ணெயும் பழகிக்கொள்ளும்.

ஒரு வாரத்துக்குப் பெட்டியில் போடாதீர்கள். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே இன்னும் இளசாகத்தான் இருக்கும்; ஃபோமில் அழுத்தி வைத்தால் அதன் புள்ளிகள் பெயின்ட்டில் பதிந்துவிடும். அலமாரியில் துணி மூடி நிற்கட்டும். எடுக்கும்போது பக்கவாட்டில் பிடிக்காமல் அடிச்சட்டத்தைப் பிடித்து எடுங்கள். மிச்சமிருக்கும் நீலத்தைச் சின்ன பாட்டிலில் ஊற்றி, எந்த எஞ்சினுக்கு அடித்தது என்று எழுதி ஒட்டி வையுங்கள். கைப்பிடி ஓரத்தில் முதலில் பெயர்வது அந்த நிறம்தான்.