ஆய்வுப் பேப்பரில ஆருக்கு எவ்வளவு பங்கு: சாம்பிள் போத்தில் தூக்க முதலே பேசி எழுதி வைக்கிற முறை

கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு, மன்னார் பக்கம் ஆய்வு செய்யிற இறுதி வருஷப் பிள்ளையளுக்கும், எம்ஃபில் செய்யிற ஆக்களுக்கும், அவையோட வெயிலுக்க நிண்டு சாம்பிள் எடுத்துக் குடுக்கிற ஆக்களுக்கும் எண்டுதான் இதை எழுதுறன். அறிவியல் நகரில யாழ் பல்கலைக்கழகத்தின்ர விவசாயம், பொறியியல், தொழில்நுட்பம் எண்டு மூண்டு பீடம் இருக்கு, பம்பைமடுவில 2021 ஆகஸ்ட்ல இருந்து வவுனியாப் பல்கலைக்கழகம் தனியா நிக்குது, கிணத்துத் தண்ணி, குளம், நெல்லு, மண் எண்டு எங்கட நிலத்தை வைச்சு எழுதுற பேப்பர் வந்துகொண்டேதான் இருக்கு. ஆனா அதில ஆரின்ர பேர் வருது, எத்தினையாவது இடத்தில வருது எண்ட கதை மட்டும் எல்லாம் முடிஞ்சு ஜேர்னலுக்கு, அதான் ஆய்விதழுக்கு, சப்மிற் பண்ணப்போற நேரத்திலதான் வருது, அந்த நேரம் பயத்திலயும் மரியாதையிலயும் வாய் திறக்காத ஆக்கள்தான் விடுபட்டுப் போகினம்.

வயலைக் குத்தகைக்குக் குடுக்கேக்க எத்தினை மூடை எண்டு விதைக்க முதலே பேசிறம், சூடு அடிச்சுப்போட்டுக் களத்தில நிண்டு பேசிறேல்லை. இதுக்கும் அதே முறைதான் சரி.

ஒரு உதாரணத்தை வைச்சே கொண்டு போறன். இரணைமடுக்குளத்துக்குக் கீழ இருக்கிற தோட்டக் கிணறுகளில நைத்திரேற்று எவ்வளவு இருக்கு எண்டு பாக்கிற ஒரு ஆய்வு எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. நாலு பேர்: இறுதி வருஷ மாணவி ஒராள், அவவின்ர சுப்பவைசர், லாபில மெஷின் ஓட்டுற தொழில்நுட்ப உத்தியோகத்தர், பிறகு ஊருக்குள்ள எந்தக் கிணறு எப்ப வெட்டினது, எந்த வீட்டில எந்தப் பசளை போடுறவை, பெரும்போகத்தில எந்தப் பாதை வெள்ளத்தில மூடும் எண்டு தெரிஞ்ச கமக்கார அமைப்புக்காரர். இந்த நாலாவது ஆளைத்தான் கனக்கப் பேர் ஆய்வாளர் எண்ட கணக்கிலயே எடுக்கிறேல்லை, ஆனா கிணறுகளைத் தெரிவு செய்ததே அவரின்ர அறிவை வைச்சு எண்டால் அது ஆய்வின்ர டிசைனுக்குள்ள வருகிற வேலை, மோட்டச்சைக்கிள்ல ஏத்திக்கொண்டு போய்க் காட்டின உதவி எண்டு மட்டும் சொல்லி ஒதுக்கேலாது.

முதல் வேலை, சாம்பிள் போத்தில் கழுவ முதலே நாலு பேரும் இருந்து அரை மணித்தியாலம் பேசிறது. பேசினதை ஒரு பக்கத்தில எழுதி வட்ஸ்அப் குறூப்பில போட்டு எல்லாரும் ஓம் எண்டு பதில் போடவேணும், அவ்வளவும் காணும், சட்டத்தரணி ஒண்டும் தேவையில்லை. அதில ஆர் என்ன வேலை செய்யப்போறம், முதல் பேர் ஆருக்கு, ஜேர்னலோட தொடர்பாடுறது ஆர், இடையில ஆரும் விலத்திப் போனால் என்ன செய்யிறது, புதுசா ஆரும் வந்தால் என்ன செய்யிறது, இவ்வளவும் இருக்கட்டும். பேந்து வேலை மாறினால் பக்கமும் மாறலாம், மாத்தேக்க திகதி போட்டு மாத்துங்கோ.

வேலையைப் பிரிக்கிறதுக்குப் பெயர் தெரியாமல் தடுமாறுறாக்கள் கிரெடிற் (CRediT) எண்ட பங்களிப்புப் பட்டியலை எடுத்துப் பாவியுங்கோ, 2022இல அது அமெரிக்காவில ஒரு தரநிலையாகவே ஆக்கப்பட்டது, கன ஜேர்னல் சப்மிற் பண்ணேக்கயே அதைத்தான் கேக்கினம். அதில 14 வேலை இருக்கு: கேள்வியை யோசிச்சது, முறையை வகுத்தது, ஆய்வை நடத்தித் தரவு எடுத்தது, தரவை ஒழுங்குபடுத்தி வைச்சது, பகுப்பாய்வு, மென்பொருள், சரிபார்ப்பு, படம் வரைபு, முதல் வரைவு எழுதினது, திருத்தி எழுதினது, மேற்பார்வை, நிர்வாகம், வளம் குடுத்தது, காசு எடுத்தது. ஒரு வேலையை ரெண்டு மூண்டு பேர் செய்தால் ஆர் தலைமை, ஆர் சமன், ஆர் துணை எண்டும் போடலாம். எனக்கு இந்தப் பட்டியலில பிடிச்ச விஷயம், தண்ணி எடுத்ததும் எக்செல்ல அதைச் சுத்தப்படுத்தினதும் எழுதினதுக்குப் பக்கத்தில ஒரே வரிசையில நிக்குது, மேல கீழ எண்டு ஒண்டும் இல்லை.

ஆனா ஒண்டு, அந்தப் பட்டியல் ஆர் என்ன செய்தவை எண்டுதான் சொல்லும், ஆர் ஓதர், அதாவது பேப்பரின்ர எழுத்தாளர், எண்டு சொல்லாது. அதுக்கு வேற ஒரு அளவுகோல் இருக்கு, 1978இல வான்கூவர்ல கூடின மருத்துவ ஜேர்னல் எடிற்றர்மாரின்ர குழு வைச்சது, இப்ப மருத்துவத்துக்கு வெளியில இருக்கிற ஆக்களும் அதைப் பாக்கினம். நாலு நிபந்தனை: கேள்வி, டிசைன், தரவு, பகுப்பாய்வு இதில ஒண்டிலயாவது கணிசமான பங்கு இருக்கவேணும், எழுதினதில அல்லது காத்திரமாத் திருத்தினதில பங்கு இருக்கவேணும், கடைசி வடிவத்தைப் பாத்து ஓம் எண்டிருக்கவேணும், பேப்பரில பிழை எண்டு ஆரும் கேட்டால் பொறுப்பு எடுக்கச் சம்மதிச்சிருக்கவேணும். நாலும் வேணும். காசு எடுத்துக் குடுத்தது மட்டும் காணாது, பொதுவா மேற்பார்வை செய்தது மட்டும் காணாது, துறைத்தலைவரா இருக்கிறது ஒரு காரணமே இல்லை.

இந்த இடத்திலதான் எங்கட பக்கம் பெரிய அநியாயம் நடக்குது. ரெண்டாவது நிபந்தனையைக் காட்டி, இவர் ஒண்டும் எழுதேல்லைத்தானே எண்டு சொல்லி லாப் ஆளையும் ஃபீல்ட் ஆளையும் நன்றி சொல்லுற பகுதிக்குத் தள்ளிவிடுகினம். அந்த எடிற்றர்மாரின்ர விதியிலயே தெளிவா இருக்கு, முதல் நிபந்தனையைப் பூர்த்தி செய்த ஆளுக்கு வரைவைப் பாக்கவும் திருத்தவும் சந்தர்ப்பம் குடுக்கத்தான் வேணும், சந்தர்ப்பம் குடாமல் விட்டுப்போட்டு அதையே காரணம் எண்டு சொல்லேலாது. வரைவு இங்கிலீசில இருக்கு, கமக்கார அமைப்புக்காரருக்கு அது வாசிக்கேலாது எண்டால் அவரோட ஒரு பின்னேரம் இருந்து ஒவ்வொரு பகுதியாத் தமிழில சொல்லுங்கோ. அவர் சொல்லுவார், இந்தக் கிணறு போன சிறுபோகத்தில ஆழமாக்கினது, நீங்கள் பழைய ஆழத்தைப் போட்டிருக்கிறியள் எண்டு. அது காத்திரமான திருத்தம்தான், அதை எழுதி வைச்சு அவரின்ர பேரைப் போடுங்கோ. அவருக்கு ஓதரா இருக்க விருப்பமில்லை எண்டால் அது அவரின்ர முடிவு, அப்ப நன்றிப் பகுதியில என்ன செய்தவர் எண்டு குறிப்பிட்டுப் போடுங்கோ, பேர் போடச் சம்மதமோ எண்டும் கேட்டுப்போட்டு.

இனி அளக்கிற கதை. வேலை நடக்க நடக்கக் குறிச்சு வைக்கிறதுதான் உண்மையான அளவு. ஒரு கூகுள் ஷீற்றில திகதி, ஆள், வேலை எண்டு மூண்டு நிரல் போதும், வேலை முடிஞ்ச அண்டைக்கே போனிலயே அடிச்சுவிடுங்கோ. ஏனெண்டால் பேந்து ஞாபகத்தில இருந்து சொல்லச் சொன்னால் எல்லாருக்கும் தன்ர வேலைதான் பெரிசாத் தெரியும், இதில கெட்ட மனசு ஒண்டும் இல்லை, 1979இலயே ரொஸ், சிக்கோலி எண்ட ரெண்டு உளவியலாளர் ஆய்வு செய்து காட்டினவை, புருஷன் பெஞ்சாதியிட்டத் தனித்தனியாக் கேட்டாலும் வீட்டு வேலையில ரெண்டு பேரின்ர பங்கையும் கூட்டப் பொதுவா முழுசை விடக் கூடத்தான் வருது எண்டு. தன்ர கை செய்தது ஞாபகம் இருக்கும், மற்றவர் செய்ததை நாங்கள் காணவே இல்லை.

பேப்பர் முடியிற நேரம் நூறு புள்ளியை வேலைகளுக்குப் பிரியுங்கோ. எங்கட கிணத்து ஆய்வுக்குக் கேள்விக்கு 15, டிசைனுக்கு 10, ஃபீல்டுக்கு 25, லாபுக்கு 15, பகுப்பாய்வுக்கு 15, எழுத்துக்கு 20 எண்டு வைக்கலாம், கணிதப் பேப்பர் எண்டால் இந்தப் பிரிப்புச் சரிவராது, ஆய்வுக்கு ஆய்வு மாறும். பேந்து ஒவ்வொராளும் தனக்கும் மற்ற மூண்டு பேருக்கும் தனியா இருந்து புள்ளி போடுங்கோ, போட்டுப்போட்டு ஷீற்றைத் திறந்து வைச்சு ஒப்பிடுங்கோ. கிட்டக் கிட்ட வந்தால் சராசரி எடுங்கோ, எட்ட நிண்டால் அந்த வேலையைப் பற்றி மட்டும் பேசுங்கோ. மாணவிக்கு 50, சுப்பவைசருக்கு 24, லாப் ஆளுக்கு 13, ஃபீல்ட் ஆளுக்கு 13 எண்டு வந்திட்டுது எண்டு வைப்பம், முதல் பேர் ஆருக்கு எண்டதில பேச இடமே இல்லை. கம்பஸ் பதவி உயர்வுப் புள்ளியில முதல் பேருக்குத்தான் கூடுதல் எண்டு சொல்லி சுப்பவைசர் முன்னுக்கு வரப்பாத்தால் இந்தத் தாளை மேசையில வையுங்கோ.

வெளியில பாக்கிற ஆக்கள் இந்தப் புள்ளியைப் பாக்கமாட்டினம், பேர் வரிசையை மட்டும் வைச்சுச் சூத்திரம் போடுவினம், அந்தச் சூத்திரங்களையும் தெரிஞ்சிருக்கிறது நல்லது. சமமாப் பிரிச்சால் நாலு பேருக்கும் 25. வரிசைப்படி சீராக் குறைச்சால் 40, 30, 20, 10. ஹார்மோனிக் எண்டு ஒரு முறை இருக்கு, முதல் ஆளுக்கு ஒண்டு, ரெண்டாவதுக்கு அரை, மூண்டாவதுக்கு மூண்டில ஒண்டு, நாலாவதுக்குக் கால் எண்டு வைச்சுக் கூட்டிப் பிரிச்சால் 48, 24, 16, 12 வரும், எங்கட 50, 24, 13, 13க்குச் சரியான கிட்ட. ஆனா விவசாயம், உயிரியல் பக்கம் சுப்பவைசர் கடைசிப் பேராத்தான் வழக்கமா வருவார், அப்ப இதே சூத்திரம் அவருக்கு 12ஐக் குடுத்துப்போட்டு லாப் ஆளுக்கு 24ஐத் தூக்கிக் குடுக்கும். கணிதத்தில எழுத்து வரிசைப்படிதான் பேர் போடுறது, அங்க இடத்தை வைச்சு அளக்கிறதே அர்த்தமில்லை. அதால பேர் எந்த முறையில அடுக்கினது எண்டு பேப்பரிலயே ஒரு வரி போடுங்கோ.

எச் இன்டெக்ஸ் எண்டதையும் ஒருக்காச் சொல்லவேணும், நேர்முகத்தில அதைத்தானே கேக்கினம். 2005இல ஹேர்ஷ் எண்ட பௌதிகவியலாளர் கொண்டுவந்தது, பத்துப் பேப்பர் ஒவ்வொண்டும் குறைஞ்சது பத்துத்தரம் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் உங்கட எண் பத்து. இது எத்தினை பேர் சேர்ந்து எழுதினவை எண்டு பாக்கவே பாக்காது. 2015இல ஹிக்ஸ் எண்ட, அணுவை விடச் சின்னத் துகளின்ர திணிவைப் பற்றி வந்த பேப்பரில 5154 பேர், 33 பக்கத்தில 24 பக்கம் பேரும் நிறுவனமும்தான், அதில ஒராளுக்கும், தனிய இருந்து ஒரு பேப்பர் எழுதின ஆளுக்கும் இந்த எண்ணில ஒரே பெறுமதி. ஹேர்ஷே 2010இல சேர்ந்து எழுதுறதையும் கணக்கில எடுக்கிற இன்னொரு எண்ணைச் சொன்னவர், ஆனா அது பரவேல்லை. தெரிவுக்குழுவில இருக்கிற ஆக்கள் எண்ணை மட்டும் பாக்காமல், இந்தப் பேப்பரில நீங்கள் செய்தது என்ன எண்டு ஒவ்வொராளையும் வாயால கேளுங்கோ, செய்த ஆள் கிணறு கிணறாச் சொல்லும்.

பேர் வரிசையோட நிக்காத சேதமும் இருக்கு. 1967இல பல்சரை, அதாவது சீராத் துடிக்கிற றேடியோ அலை விடுற நட்சத்திரத்தை, முதல்ல கண்டது ஜொசலின் பெல் எண்ட ஆய்வு மாணவி, தொலைநோக்கியைக் கட்டினதில அவவின்ர கையும் இருந்தது, தாள் தாளாப் பாத்து அந்த அடையாளத்தைப் பிடிச்சதும் அவதான், பேப்பரில ரெண்டாவது பேர். 1974இல நோபல் பரிசு அவவின்ர சுப்பவைசர் ஹியூவிஷுக்கும் மாட்டின் றைல் எண்டவருக்கும் போச்சுது, அவவுக்கு இல்லை. பேப்பரில பேர் இருந்தும் இப்படி எண்டால், பேரே இல்லாத பிள்ளையின்ர நிலைமையை யோசிச்சுப் பாருங்கோ.

தமிழாக்களுக்கு எண்டு ஒரு தனிப் பிரச்சினையும் இருக்கு. எங்களுக்குக் குடும்பப் பேர் இல்லை, அப்பாவின்ர பேர் முன்னுக்கு வரும், இனிஷியலா ஒருக்கா, முழுசா ஒருக்கா, கலியாணம் முடிச்சபிறகு புருஷன்ர பேரோட ஒருக்கா எண்டு மாறி மாறிப் போட்டால் டேற்றாபேஸில ஒராள் மூண்டு ஆளாப் பிரிஞ்சு போவார், மேற்கோளும் சிதறும். சில இடத்தில அப்பாவின்ர பேரைக் குடும்பப் பேர் எண்டு எடுத்து அந்தப் பேரில உங்கட வேலையைப் போட்டுவிடுவினம். ஓர்கிட் (ORCID) எண்டு 16 இலக்கத்தில ஒரு அடையாளம் இலவசமா எடுக்கலாம், முதல் பேப்பருக்கு முதலே எடுங்கோ, லாப் ஆளுக்கும் எடுத்துக் குடுங்கோ. பேரை எப்படி எழுதுறது எண்டு ஒருக்கா முடிவெடுத்தால் கடைசி வரைக்கும் அப்படியே எழுதுங்கோ.

பிரச்சினை வந்தால் என்ன செய்யிறது? முதல்ல அந்த ஒரு பக்கத்தையும் ஷீற்றையும் வைச்சு நேர பேசுங்கோ, ஏலாட்டி அதே பீடத்தில ரெண்டு பக்கமும் மதிக்கிற மூண்டாவது ஆசிரியர் ஒராளைக் கூப்பிடுங்கோ, அதுக்கும் பிறகுதான் பீடாதிபதிக்குக் கடிதம். ஜேர்னல் எடிற்றருக்கு எழுதினால் அவர் தீர்ப்புச் சொல்லமாட்டார், உங்கட நிறுவனமே பேசி முடிக்கட்டும் எண்டு திருப்பி அனுப்புறதுதான் வழமை, இடையில பேப்பர் தொங்கி நிக்கும். மாணவர்மார் தனிய நிண்டு கதைக்கப் பயம் எண்டால் பட்ச்சில இன்னொராளைக் கூட்டிக்கொண்டு போங்கோ, குரல் உயர்த்தத் தேவையில்லை, திகதியும் வேலையும் எழுதின தாள் கையில இருந்தால் அதுவே கதைக்கும்.

பேப்பர் எடுபட்டுப் புரூஃப், அதாவது அச்சுக்கு முதல் சரிபாக்கிற பிரதி, வரேக்க எல்லாரும் கூத்தாடுற சந்தோஷத்தில பாக்காமல் ஓகே அடிச்சுவிடுவினம். சரிபாக்க ஜேர்னல் வழமையாக் குடுக்கிற 48 மணித்தியாலத்துக்குள்ள நாலு பேரும் தங்கட பேரின்ர எழுத்து, வரிசை, ஓர்கிட், பங்களிப்பு வரி, நன்றிப் பகுதி எல்லாத்தையும் பாத்துச் சரி எண்டு குறூப்பில போடவேணும். அச்சில வந்தபிறகு ஒரு பேரைச் சேக்கிறதெண்டால் எல்லா ஓதரும் கையெழுத்து வைச்சு, காரணம் எழுதி, திருத்தம் எண்டு தனியா வெளியிடவேண்டி வரும்.